காலி டேங்க்கில் காத்திருக்கும் தீ

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கி.மீ. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் யாத்ரீகர்களை அடைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஓடிய காலம் மலையேறிவிட்டது. அம்பாசிடர் தயாரிப்பே 2014ல் நின்றுபோனது. ஆனால் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய காரை விற்க மனம் வராதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கொட்டகையில் தூங்கிய காரை ஏழுமலையானைப் பார்க்கக் கிளப்பும்போதுதான் வினை ஆரம்பமாகிறது.

சமதளத்தில் ஒழுங்காக வந்த வண்டி திருமலைப் பாதையில் ஏறும்போது திணறி நின்றால், கோளாறு டேங்க்கின் அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் பிசினாகிறது. டேங்க்கின் உள்ளே வியர்க்கும் நீர் அடியில் தங்கித் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும் நேரம் பார்த்து இந்தத் துரு ஃபில்டரை அடைத்துக்கொள்கிறது.

போதாக்குறைக்கு எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய கார்களுக்கு மைலேஜ் 6-7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. மைலேஜ் போனால் போகட்டும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், ஒட்டியிருந்த அழுக்கைக் கிளப்பிவிடும். ஈரத்தையும் இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் போகும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போன சித்தூர்ச் சீமைக்காரர்கள் கரும்பிலிருந்து வரும் எத்தனாலைக் குறை சொல்வது எப்படி என்பது வேறு விஷயம்!

ஆக, டேங்க்கை வடிக்க வேண்டும். ஷெட்களில் இதை ஒரு வேலையாகவே யாரும் மதிப்பதில்லை. இருப்பதிலேயே சின்னப் பையனைக் கூப்பிட்டு, கையில் ரப்பர் டியூபைக் கொடுத்து, வாயால் உறிஞ்சச் சொல்வதுதான் நெடுநாள் வழக்கம். 14 வயதுக்குட்பட்டவரை ஷெட்டில் வேலைக்கு வைப்பதே 2016 சட்டத் திருத்தப்படி குற்றம். அதற்கு மேற்பட்ட வயதுக்காரராக இருந்தாலும், ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதை வாந்தியெடுக்க வைப்பது இன்னும் மோசம். திரும்பி வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் நழுவும். இத்தனைக்கும் கையால் அமுக்கும் சாதாரண பம்ப் ஒன்று போதும். டேங்க்கின் அடியில் டிரெயின் நட் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது தவறு, காரைக் குழியின் மேல் நிறுத்துவது. பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 மடங்குக்கு மேல் கனமானது. குழியில் இறங்கித் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வடிப்பதே முறை. பிளாஸ்டிக் வாளி கூடாது; அதில் சேரும் நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறி போதும்.

ஆனால் நிஜமான ஆபத்து வடித்து முடித்த பிறகுதான். ஓட்டையை அடைக்க டேங்க் டிங்கரிங்குக்குப் போகிறது. காலிதானே என்று பற்ற வைக்கிறார்கள். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்க்கில் ஆவி இதைவிட அடர்த்தியாக இருப்பதால் உள்ளே தீ பரவாது. காலி டேங்க்கில் காற்று புகுந்து கலவை சரியான பதத்துக்கு வந்துவிடுகிறது. அப்போது டேங்க் வெடிகுண்டுதான். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, நீராவி பாய்ச்சி, அதன் பிறகும் தண்ணீர் நிரப்பி ஓட்டையருகே மட்டும் வெற்றிடம் விட்டுப் பற்ற வைக்கும் பழைய கைகள் உண்டு. அந்த நிதானத்துக்குக் கூலி கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம்.

வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவது தெருவுக்கே தீ வைக்கும் வேலை. ஆந்திராவில் பெட்ரோல் தமிழகத்தைவிட விலை அதிகம் என்பதால் யாருக்கும் கொட்ட மனம் வராது என்பது ஒரு நிம்மதி. வார்னிஷ் வாடை அடிக்காமல், தண்ணீர் பிரியாமல் இருந்தால் வடிகட்டிப் புது பெட்ரோலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.

டேங்க்கை மாட்டியதும் புது ஃபில்டர், 5 லிட்டர் பெட்ரோல், ஊருக்குள்ளேயே ஒரு சுற்று. திரும்பி வந்து ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அதில் துருத்தூள் தெரியாவிட்டால் மலைப்பாதைக்கு வண்டியைத் திருப்பலாம்.