பூட்டனாரின் ஊர் எது?

நியூயோர்க் நகரத்து யூதக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. எலிஸ் தீவில் வந்திறங்கிய பூட்டனாரின் பெயரை அங்கிருந்த அதிகாரி சரியாகக் கேளாது, தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டார்; அன்று முதற் குடும்பப் பெயரே மாறிப்போயிற்று என்பது அக்கதை. கேட்கச் சுவையானதே; ஆயினும் உண்மையன்று. பெயர்ப் பட்டியலை எழுதியோர் கப்பற் கம்பனியார். எழுதிய இடம் ஹாம்பேர்க், பிறீமன் முதலிய ஐரோப்பியத் துறைமுகங்கள். எலிஸ் தீவு அதிகாரிகள் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வினாவினர். பெயரை மாற்றியோர் பெரும்பாலும் வந்து குடியேறியவர்களே. இக்கதையை நம்பித் தம் குலமுறையைத் தேடப் புறப்படுவோர் முதற்படியிலேயே வழிதவறுவராதலின் இதனை முன்னே கூறினோம்.

1881ஆம் ஆண்டில் ஸார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்ட பின்னர் ருஷ்யாவில் யூதர்மீது கலகங்கள் மூண்டன. வறுமையும் கூடவே துரத்திற்று. அதுமுதல் 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா குடிவரவுக் கதவை இறுக்கும்வரை கிழக்கு ஐரோப்பிய யூதர் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்குச் சென்றனர். அவருட் பெருந்தொகையினர் முதலில் ஒதுங்கிய இடம் நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ட் சைட் பகுதி. அங்கே ஓச்சாட் வீதி 97ஆம் இலக்கக் கட்டிடம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. 1863 முதல் 1935 வரை அவ்வொரு கட்டிடத்தில் மாத்திரம் பல நாட்டினருமாக ஏறக்குறைய 7,000 பேர் குடியிருந்தனர் என்றால் அங்கிருந்த நெருக்கத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்துணைப் பேருள் ஒருவரைக் குடும்பப் பெயர் கொண்டு மாத்திரம் தேடுதல் வீண். அப்பெயர் கிழக்கு ஐரோப்பிய யூதருக்குப் பழைய உடைமையன்று. ஒஸ்திரியப் பேரரசில் 1787ஆம் ஆண்டிலும் ருஷ்யாவில் 1804ஆம் ஆண்டிலும் அரசாங்கம் சட்டமியற்றிச் சுமத்தியதே அது. முன்னர் இன்னாரின் மகன் இன்னார் என்றே வழங்கினர். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதும் நமக்கு இது விளங்காத முறையன்று. ஆகவே அறியவேண்டுவது தந்தையின் பெயரும், அதனினும் மேலாகப் பிறந்த ஊரும்.

தந்தையின் பெயரைக் கல்லறை சொல்லும். ஆங்கில எழுத்தில் உள்ள பெயர் எவ்வாறு சுருங்கியிருப்பினும், எபிரேய எழுத்தில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பொறிப்பது வழக்கம். விரல் விரித்த இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தால் அவர் குருமார் வழியினர். நீர்க்குடம் இருந்தால் லேவியர் வழியினர். இவர்கள் உயிரோடிருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு இடார். இறந்த உறவினர் பெயரையே இடுவர். 1910ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளை பாட்டனார் பெயரைத் தாங்கினால், பாட்டனார் அதற்குள் காலமாகிவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கல்லறை அமைந்த இடம் ஊரையும் காட்டுவதுண்டு. ஓரூரிலிருந்து வந்தோர் கூடி ஊர்ச்சங்கங்கள் அமைத்தனர். அவை நோயுற்றோருக்கு உதவின. கைமுதல் இல்லாதோருக்குக் கடன் கொடுத்தன. குவீன்ஸ், புறூக்ளின் இடுகாடுகளில் நிலம் வாங்கி உறுப்பினருக்கு ஒதுக்கின. வாயிற்றூணில் பொறித்த சங்கத்தின் பெயரிலேயே ஊரின் பெயர் நிற்கும். வில்னாவில் 1925இல் தோன்றி 1940இல் நியூயோர்க்குக்கு மாறிய ஈவோ ஆராய்ச்சி நிலையம் இச்சங்கங்கள் பலவற்றின் ஏடுகளைக் காத்துவருகின்றது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எழுதப்பட்ட பிரசாவுரிமைப் பத்திரங்களும் பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த நாள் ஆகியவற்றைத் தரும். முந்திய பத்திரங்களில் ‘ருஷ்யா’ என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைய வேண்டியதுதான். ஊர்ப் பெயர் கிடைத்த பின்னும் தேசப்படம் ஏமாற்றும்: இத்திஷ் மொழியில் பிரிஸ்க் என்பதே படத்தில் பிரெஸ்ட், அது இன்று பெலருஸ் நாட்டில் உள்ளது.

1907ஆம் ஆண்டு முதல் கப்பற் பட்டியலில் புதிய நிரல் ஒன்று சேர்ந்தது. புறப்பட்ட நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும் அதில் எழுதப்படும். தந்தையோ, மனைவியோ, தமையனோ, ஒரேயொரு வரி. தேடுவோர் பலர் இவ்வரியில் வந்து திகைத்து நின்றுவிடுகின்றனர். இரண்டாம் உலகப் போரில், சிறப்பாக 1941 முதல் 1944 வரை, நாற்சி ஜேர்மனியும் அதன் துணைவரும் அவ்வூர்களில் வாழ்ந்த யூதரிற் பெரும்பாலோரைக் கொன்றொழித்தமையால், அவ்வரியில் உள்ளவரும் அவர் பிள்ளைகளும் என்னவாயினர் என்ற வினா எழுகின்றது.

எருசலேமில் 1953ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட யாட் வாஷெம் நினைவு நிலையம், மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சியத் தாள் சேர்த்து வருகின்றது. அறிந்தவர் எவரும் அதனை நிரப்பிக் கொடுக்கலாம். பெற்றோர் பெயர், ஊர், தொழில், இறந்த இடம் என்பன அதில் உள்ளன. 2004ஆம் ஆண்டு முதல் இவை இணையத்திலும் பார்வைக்குண்டு. நமது எண்ணத்தில், முதலிற் பார்க்கவேண்டியது தாளின் அடிப்பகுதியையே. நிரப்பியவரின் பெயர், மாண்டவருக்கு அவர் என்ன முறை, அவருடைய விலாசம், தேதி ஆகியன அங்குக் காணப்படும். எவரும் எஞ்சவில்லை என்று நியூயோர்க்கில் சொல்லப்பட்டுவந்த கிளையிலிருந்து ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்திட்டு வைத்திருப்பது இவ்வாறு வெளிப்படுவதுண்டு. அவ்விலாசத்துக்குக் கடிதம் எழுதினால், இன்று விடை எழுதக்கூடியவர் அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஆவர்.