குணமோ, சூழலோ?

“அவன் பொய்யன்” என்று ஆசிரியர் ஒருமுறை கூறிவிட்டால், அப்பெயர் வகுப்புக்கு வகுப்பு அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து செல்கின்றது. ஒரு செயலைக் கண்டு முழுக் குணத்தையும் அளந்துவிடும் இவ்வழக்கம் எவ்வளவு நீதியானது?

ஹார்ட்ஷோர்ன், மே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுவரைச் சோதித்து, 1928-இல் முடிவுகளை வெளியிட்டனர். பரீட்சையில் விடையைத் திருத்தியவன் விளையாட்டிலும் ஏமாற்றுவான் என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் இயலவில்லை. நேர்மை இடத்துக்கு இடம் வேறுபட்டது.

1973-இல் வெளியான டார்லி, பாட்சன் ஆகியோரின் பரிசோதனை இன்னும் கூர்மையானது. பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணாக்கர் 40 பேரின் நடத்தை அதிற் கணிக்கப்பட்டது. பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை நிகழ்த்துமாறு ஒவ்வொருவரும் தனித்தனியே அனுப்பப்பட்டனர். ஒரு சாராருக்கு உரைப்பொருள் நல்ல சமாரியன் கதையே! வழியில், ஒரு வாயிலருகே ஒருவன் தலை கவிழ்ந்து சரிந்து கிடந்து, இருமி முனகினான். ஆய்வாளர் ஏற்பாடு செய்த நடிகன் அவன். அவகாசம் இருக்கின்றதென அறிந்து சென்றவருள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். நேரம் கடந்துவிட்டதென விரட்டப்பட்டவருள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவருட் சிலர் கிடந்தவனைத் தாண்டியே நடந்தனராம். நகைப்பதா, நாணுவதா? அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடிகாரம் அவர்களைத் துரத்தியது.

அப்படியாயின் குணம் என்பதே கற்பனையோ? வால்டர் மிஷெல் 1968-இல் எழுதிய நூலைப் படித்த பலர் அவ்வாறே எண்ணினர். ஆனால் ஒரு நாட் செயலை விட்டுப் பல நாட் செயல்களின் சராசரியை நோக்கினால், மனிதன் பெரிதும் தன்னைப் போலவே இருக்கின்றான் என்று எப்ஸ்டைன் 1979-இல் காட்டினார்.

மிஷெலும் அங்கே நின்றுவிடவில்லை. அவரும் ஷோடா முதலியோரும் கோடை முகாமொன்றிற் சிறுவரை நெடுநாள் கவனித்து, 1994-இல் வெளியிட்ட செய்தியே எனக்கு யாவற்றினும் பெரிதாகத் தோன்றுகின்றது. ஒருவன் தோழர் நெருங்கும்போது சீறுவான். பெரியோர் கண்டித்தால் அடங்குவான். இன்னொருவனோ கண்டிப்புக்கே சீறுவான், தோழரிடம் சாது. எந்தச் சூழலுக்கு எந்தச் சீற்றம் என்னும் இக்கோலம் அவரவரிடம் பெரிதும் மாறாது நிலைத்தது. “முரடன்” என்று இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டும் ஆசிரியரோ, ஒருவன் தோழமைக்கு அஞ்சுகின்றான், மற்றவன் தம் குரலுக்கே அஞ்சுகின்றான் என்பதைக் காணாமலே அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகின்றார்.