மணம் எங்கே போகிறது?

ரசத்தைக் கொதித்து இறக்கிய பிறகே கொத்தமல்லித் தழையைத் தூவுகிறோம். முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டால் தழை இருக்கும், மணம் இராது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர், வனிலா, பழ எசென்ஸ் போன்ற வாசனைச் சாறுகளைக் கடைசியில் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

அந்நாட்டில் சொந்த உபயோகத்திற்காக வீட்டில் பீர் தயாரிப்பதற்கு 1978-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வரிவிலக்கு அளித்தது. ஒரு தடவைக்கு 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் தயாரிப்பது வழக்கம். முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கிய இனிப்பு நீரை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல்.

எசென்ஸைக் கொதிக்கும்போது ஊற்றினால், எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் நீராவியுடன் போய்விடும். ஆறிய பின், ஈஸ்டுடன் சேர்த்து ஊற்றினால் என்ன?

கணக்குப் பார்ப்போம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். 19 லிட்டர் பீரில் கன அளவில் 5 சதவீத ஆல்கஹால் சேர்வதற்குள், 300 லிட்டருக்கு மேற்பட்ட வாயு குமிழ்குமிழாக வெளியேறிவிடும். வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் போன்ற எஸ்டர்களில் ஒரு பகுதியை அக்குமிழிகள் சுமந்து சென்றுவிடும்.

வனிலாவின் முக்கிய மணப்பொருளான வனிலின் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் அது ஓர் ஆல்டிஹைடு. ஈஸ்ட் அதனை ஒடுக்கி, மணம் மிகக் குறைந்த வனிலைல் ஆல்கஹாலாக மாற்றிவிடும். எனவே நொதித்தல் முடிந்து, ஈஸ்டில் பெரும்பகுதி அடியில் படிந்த பிறகு, புட்டியில் அடைக்கும் வேளையே எசென்ஸ் சேர்க்க ஏற்றது.

அப்போதும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அடைக்கும்போது பீரில் அளவறிந்து சிறிது சர்க்கரை கலப்பார்கள். எஞ்சியுள்ள ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்து, நுரைக்கு வேண்டிய வாயுவைத் தரும். எசென்ஸுக்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகில் செய்த சிரப்பை ஊற்றினால், மூடிய புட்டிக்குள் வாயு அளவுக்கு மீறிப் பெருகும். கண்ணாடிப் புட்டி வெடித்துக் காயப்படுத்தவும் கூடும். எண்ணெயில் கரைத்த வாசனைப் பொருளோ நுரையைக் கெடுத்துவிடும். ஆல்கஹாலில் எடுத்த, சர்க்கரை சேராத சாறே ஏற்றது.

எவ்வளவு சேர்ப்பது? கூடிப்போனால் திரும்ப எடுக்க வழியில்லை; பல வார உழைப்பு வீணாகும். ஆகவே முதலில் நான்கு கிளாஸ்களில் 100 மில்லிலிட்டர் வீதம் பீரை ஊற்றி, முறையே 1, 2, 3, 4 துளிகள் விட்டுச் சுவைத்துப் பார்க்கிறார்கள். மூக்கு ஒரே மணத்திற்கு விரைவில் பழகிவிடுமாதலால், ஒவ்வொன்றுக்கும் இடையே சிறிது நேரம் விடுவது நல்லது.

இரண்டு துளி விட்ட கிளாஸ் பிடித்திருக்கிறது என்று கொள்வோம். 20 துளி 1 மில்லிலிட்டர் எனில், 2 துளி 0.1 மில்லிலிட்டர். 19 லிட்டர் என்பது 100 மில்லிலிட்டரைப் போல் 190 மடங்கு. ஆகவே தேவை 19 மில்லிலிட்டர். துளியின் அளவு சொட்டுக்குழாய்க்குக் குழாய் வேறுபடும்; 1 மில்லிலிட்டருக்கு எத்தனை துளி என்று முன்னதாக எண்ணிக்கொள்ள வேண்டும். முதலில் முக்கால் பங்கு சேர்த்துச் சுவைத்த பின் மீதியைச் சேர்ப்பது பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் இந்தத் துளிக் கணக்குக்குத் தடையில்லை. அடுத்த முறை ஒரு குடம் சர்பத்துக்கு எசென்ஸ் ஊற்றுவதற்கு முன், ஒரு தம்ளரில் சோதித்துப் பாருங்கள்.