சிறப்புக் கல்வி: நீதிமன்றம் சொன்னது என்ன?

சென்னையை ஒட்டிய தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று எந்தப் பகுதியானாலும், ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது "எங்களிடம் சிறப்பு ஆசிரியர் இல்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று பள்ளி சொன்னால், அதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. சட்டம் பெற்றோர் பக்கம் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கே சட்டம் விட்டிருக்கிறது.

ஆசிரியர் இல்லாமல் உரிமை ஏட்டோடு நின்றுவிடுமே? ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. சாதாரணப் பள்ளிகளிலும் சிறப்பு ஆசிரியர் வேண்டும், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று அரசு வரையறுக்க வேண்டும் என்றது. அதன்பின் மத்திய அரசு 2022-இல் விதி வகுத்தது: 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 15 பேருக்கு ஒருவர். அப்படியும் வேலை நகராததால், பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது.

தேர்வு பற்றியும் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உண்டு. எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் 'சொல்வதை எழுதுபவரை' மறுக்க முடியாது என்றது விகாஷ் குமார் வழக்கு (2021 பிப்ரவரி). நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட மாணவிக்கு நேர்ந்தது அநீதி என்றது அவ்னி பிரகாஷ் வழக்கு (2021 நவம்பர்).

பெற்றோர் செய்ய வேண்டியவை:

• மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டையும் வாங்கி வையுங்கள்.

• சேர்க்கை, தேர்வுச் சலுகை எதையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

• வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால், அதற்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது.

• தீராவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். அவருடைய பரிந்துரையை ஏற்காத அதிகாரி மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

வாய்ப்பேச்சில் கேட்டதற்கு ஆதாரம் இருக்காது. பள்ளிக்குக் கொடுக்கும் மனுவின் நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.