வீங்குவது மூட்டு, நோய் நுழைவது தொப்புள் வழியே

பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்று எழுந்து நிற்கத் திணறுகிறது. முன்னங்கால் முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. தாய்ப்பசு மிதித்திருக்கும் என்று எண்ணெய் தடவிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பின்னங்காலிலும் வீக்கம். மிதிபட்ட காயம் இப்படிக் கால் விட்டுக் கால் தாவாது. மூட்டுகள் அடுத்தடுத்து வீங்கினால், பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட்டது என்றே சந்தேகிக்க வேண்டும்.

அது நுழையும் வழி பெரும்பாலும் தொப்புள்கொடி. பிரசவத்தில் அறுந்த கொடி காய்ந்து சுருங்கச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் கன்று படுத்தால், ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை ஈரக் கொடியில் தொற்றி ரத்தத்துக்குள் போகின்றன. மூட்டின் உட்சவ்வில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏராளம். அங்கே தங்கிப் பெருகுகின்றன.

அதனால்தான் மருத்துவர் காலைப் பார்ப்பதற்கு முன் வயிற்றடியைத் தடவிப் பார்க்கிறார். தொப்புள் தடித்து வலித்தாலோ, சீழ் கசிந்தாலோ பாதி விடை கிடைத்துவிடும். மீதியைச் சொல்வது மூட்டுநீர். ரோமத்தை மழித்து, தோலைச் சுத்தம் செய்து, ஊசியால் உறிஞ்சி எடுப்பார். நலமான மூட்டுநீர் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். இரு விரலுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும். தொற்று கண்ட நீர் கலங்கி, நீர்த்து, திப்பி திப்பியாக வரும். ஆன்டிபயாடிக் போடும் முன்பே இதை எடுத்தால்தான் ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கலாம். கிருமி வளராவிட்டாலும் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் அதுவே சாட்சி.

சிகிச்சையில் ஊசி மருந்து மட்டும் போதாது. சீழ்த் திப்பிகளுக்குள் பதுங்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது. ஆகவே மூட்டின் ஒரு பக்க ஊசி வழியே கிருமிநீக்கிய உப்புநீரைச் செலுத்தி, மறுபக்க ஊசி வழியே வெளியேற்றிக் கழுவுகிறார்கள். வலிநிவாரணியும் தேவை, வலி குறைந்தால்தான் கன்று எழுந்து பால் குடிக்கும். தொப்புளில் சீழ்க்கட்டி இருந்தால் அதையும் அகற்ற வேண்டும், இல்லையேல் கிருமி ஊறிக்கொண்டே இருக்கும். மருந்து பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் நீளும். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். குருத்தெலும்பு அரித்துவிட்டால் பழையபடி வளராது. பல மூட்டுகள் பழுத்த பிறகு கொண்டுவரும் கன்றுகள் பிழைப்பது அரிது.

தடுப்பதோ எளிது. பசுவின் நோயெதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் நாளோடு முடிந்துவிடும், அதுவும் மணிக்கு மணி குறைந்தபடி. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்து சீம்பாலைத் தள்ளிப்போடும் வழக்கம் இந்த நேரத்தைத்தான் தின்கிறது. கன்று விழுந்ததும் கொடியை டிங்சர் அயோடினில் நனைத்து, காய்ந்த வைக்கோலில் கிடத்தி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டிவிட்டால் பெரும்பாலான கன்றுகளுக்கு இந்த நோயே வராது.