சந்தைக்கு ஒரு கிழமை. கைவினைக்கு எந்தக் கிழமை?

எங்கள் காரைக்குடியில் திங்கட்கிழமை என்றால் சந்தை. சுற்றுக் கிராமங்களிலிருந்து கத்தரிக்காயும் கீரையும் கருவாடும் வந்து குவியும். வீட்டில் புளி தீர்ந்துவிட்டால்கூட, "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஆச்சிமார் எங்கள் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு ஊருக்கு ஏன் ஒரு கிழமை? நாங்கள் இதைப் பற்றி முன்பு யோசித்ததே இல்லை. கட்டுரைக்காக வகுப்பில் பேசியபோதுதான் புரிந்தது. ஒரு சிற்றூரில் ஒரு நாளில் நடக்கும் விற்பனை ஒரு வியாபாரிக்குச் சோறு போடாது. அதே ஊரார் ஏழு நாள் தேவையையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் வாங்கினால் போடும். மற்ற நாட்களில் அந்த வியாபாரி வேறு ஊர்ச் சந்தைகளுக்குப் போய்விடுவார். சிதறிக் கிடக்கும் தேவையை ஒரு நாளில் கட்டி வைப்பதுதான் சந்தை. நம் முன்னோர் இதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தையும் படித்துச் செய்யவில்லை.

இந்த உபாயத்தைக் கலைப்பொருள்களுக்கும் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பயனியர் சதுக்கம் என்ற பழைய பகுதியில், 1981-ல் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை மாலை ஓவியக் கூடங்களை எல்லாம் திறந்து வைத்து, மக்கள் நடந்து பார்த்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு பல சிற்றூர்களும் அதைப் பின்பற்றின. படம் பார்க்க வந்தவர் பக்கத்துக் கடையில் காப்பி குடிப்பார், எதிர்க்கடையில் ஒரு புத்தகம் வாங்குவார். நம் நாட்டில் தில்லியில் 1994-ல் 'தில்லி ஹாட்' என்ற நிரந்தரச் சந்தை அமைந்தது. அங்கே கடை யாருக்கும் சொந்தமில்லை. கைவினைஞர்களுக்குப் பதினைந்து பதினைந்து நாட்களாக முறைவைத்துக் கொடுக்கிறார்கள்.

நம் ஊரிலும் மாதம் ஒரு நாள் இப்படி வைத்தால் என்ன? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் உடனே கை தூக்கினார்கள். மற்றப் பாதிப்பேர், "வைத்து எதை விற்பது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

முதலில் ஆத்தங்குடிக் கல்லைச் சொல்ல வேண்டும். தினமும் அதன்மேல்தான் நடக்கிறோம். அது எப்படிப் பிறக்கிறது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. ஒரு சதுரக் கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதனுள் பூ, கொடி, நட்சத்திரம் என்று அறை அறையாகப் பிரித்த அச்சை இறக்குகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறமாக, வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பின் அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். கை நடுங்கினால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கல் வீண். மேலே உலர்ந்த சிமெண்டு மணற்கலவையைத் தூவுகிறார்கள், அது குழம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்திச் சமன் செய்கிறார்கள். இறுகிய பிறகு பல நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து உலர்த்துகிறார்கள். சூளை இல்லை, நெருப்பு இல்லை. கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழுவழுப்பு முழுவதும் கல்லுக்கு வந்திருக்கும். கடையில் விற்கும் மெருகேற்றிய ஓடு புழங்கப் புழங்க மங்கும். இதுவோ நடக்க நடக்க மினுங்கும். தலைகீழாகச் செய்யப்படும் பொருள் இது என்பது எங்களுக்குப் பெரிய வியப்பு. செய்கிறவர் வேலை செய்யும் நேரம் முழுவதும் பூவின் முகத்தைப் பார்ப்பதே இல்லை!

அடுத்து கொட்டான். பனையோலையைச் சன்னமாகக் கிழித்து, சாயமேற்றி, பின்னும் சிறு கூடை. கல்யாண வீடுகளில் சீரும் பலகாரமும் வைக்க ஆச்சிமார் தங்கள் கையாலேயே பின்னி, மேலே மணியும் நூல்வேலையும் சேர்ப்பார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் இது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. விசாலாட்சி ராமசாமி அவர்களின் முயற்சியால் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்து இதை மீட்டது. கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு காலத்தில் வசதியான வீட்டு ஆச்சிகளின் ஓய்வுநேரக் கைவேலையாக இருந்தது, இன்று வேறு வீட்டுப் பெண்களுக்குக் கூலி தரும் தொழில். கலை பிழைத்ததென்னவோ உண்மை. கை மாறித்தான் பிழைத்தது.

கண்டாங்கிச் சேலையை அறியாதவர் இல்லை. அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட பருத்திச் சேலை, அகலக் கரை. அந்நாளில் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டுவார்கள்; அந்தக் கரை எடுப்பாகத் தெரியும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு தறியில் உட்காராது, ஆள்தான் உட்கார வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எங்களைப் போலவே படித்துவிட்டு வேறு வேலைக்குப் போக விரும்புகிறார்கள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று சொல்லி மலிவாக விற்பவரும் உண்டு. வாங்கும் அம்மாக்கள், 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

நிற்க. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளையும் சேர்க்க வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். பர்மா தேக்குத் தூண், இனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே கிடைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அவை பெரும்பாலும் இடித்த வீடுகளிலிருந்தும் பூட்டிய வீடுகளிலிருந்தும் வந்தவை. ஒரு தூண் விற்றால் ஊரில் ஒரு தூண் குறையும். ஒரு கொட்டான் விற்றால் இன்னொரு கொட்டான் பின்னப்படும். ஆகவே மாத விழா வைத்தால் அது செய்கிறவர்களுக்கான நாளாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அதிலும் ஒரு சிக்கல். நெசவாளர் ஒரு நாள் தறியை விட்டு வந்தால் அன்றைய நெசவு போயிற்று. வராமல் இருந்தால், அவர் பேரைச் சொல்லி வியாபாரி மட்டும் வந்து உட்காருவார். தில்லியில் செய்வதுபோல் முறைவைத்து, இந்த மாதம் இவர், அடுத்த மாதம் அவர் என்று வந்தால் யாருக்கும் நட்டம் அதிகமிராது. ஆத்தங்குடிக் கல்லைச் சுமந்து வர வேண்டியதில்லை; மாதிரிக்கு நான்கு கல்லும், செய்துகாட்ட ஒரு கண்ணாடியும் போதும்.

எந்தக் கிழமை என்பதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தனி நாள் வேண்டாம், மாதத்தின் முதல் திங்கட்கிழமைச் சந்தையிலேயே ஓர் ஓரம் ஒதுக்கினால் போதும், ஏற்கெனவே ஊர் முழுவதும் பையோடு அங்கே வருகிறதே என்றது ஒரு கட்சி. கொட்டானும் ஒரு காலத்தில் காட்சிப்பொருளாக இல்லை, வீட்டுச் சாமானாகத்தானே இருந்தது என்றும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறு கட்சிக்கு ஒரே ஒரு வாதம்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. எல்லோரும் கொட்டான் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருப்போம்.