வட்டியும் வாரமும்: இசுலாமியப் பணச்சந்தையின் இயல்பு

வங்கிகள் தம்முள் குறுகிய காலத்திற்குப் பணம் கொடுத்து வாங்கும் களமே பணச்சந்தை எனப்படும். ஒரு வங்கியில் இன்று பணம் மிகும், மற்றொன்றில் குறையும். பொதுப் பணச்சந்தையில் இக்குறை வட்டிக்கடனால் நிரப்பப்படுகின்றது. இசுலாமிய நெறியோ 'ரிபா' எனப்படும் வட்டியை விலக்குகின்றது. அங்ஙனமாயின், வட்டியின்றிப் பணச்சந்தை நடைபெறுவது எவ்வாறு? தமிழர் பலர் வாழும் மலேசியாவில் இவ்வினாவிற்கு விடை காண முயன்றனர். 1983இல் அங்கு இசுலாமிய வங்கிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1994இல் வங்கிகளுக்கிடையே இசுலாமியப் பணச்சந்தை தோன்றியது.

அச்சந்தையின் முறைகளுள் ஒன்று முதாரபா. இதனை 'வாரம்' என்னும் நம் வழக்கால் எளிதில் உணரலாம். நிலமுடையான் மேல்வாரமும் உழுவோன் குடிவாரமும் பெறுதல் போல, பணம் தரும் வங்கியும் அதனைத் தொழிலில் ஈடுபடுத்தும் வங்கியும் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ளும். 70க்கு 30 என்றாற்போல விகிதம் முன்னரே உறுதியாகும். பெறும் தொகை உறுதியாகாது. இழப்பு நேருமாயின், பெற்ற வங்கியின்பால் குற்றமில்லாதவிடத்து, முதலிட்ட வங்கியே அதனை ஏற்கும். காலவரை ஓரிரவு முதல் 12 திங்கள் வரை அமையும்.

மற்றொன்று பண்டவழி வாணிகம். இதனைக் கொல்லிமலை மிளகை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவாம். பணமுடையார் 100 ரூபாய்க்கு மிளகு வாங்கி, அடக்கவிலையை வெளிப்படக் கூறி, பணம் வேண்டுவார்க்கு 102 ரூபாய்க்கு விற்பர். விலையை மூன்று திங்கள் கழித்துப் பெறுவர். இது முராபஹா. வாங்கியவர் அம்மிளகை உடனே வேறொருவர்க்கு 100 ரூபாய்க்கு விற்றுக் கைப்பணம் பெறுவர். இவ்வாறு பணம் பெறுதல் தவர்ருக் எனப்படும். 2009இல் தொடங்கப்பெற்ற 'பர்சா சூக் அல்-சிலா' என்னும் மலேசியச் சந்தையில் செம்பனை எண்ணெய் இம்முறையில் கைமாறுகின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். 100 பெற்று 102 கொடுப்பதாயின், வட்டிதானே பெயர் மாறி நிற்கின்றது? இவ்வையம் இசுலாமிய அறிஞரிடையேயும் உண்டு. முன்னேற்பாட்டுடன் நிகழ்த்தும் தவர்ருக் பொருந்தாதெனப் பன்னாட்டு இசுலாமிய ஃபிக்ஹ் பேரவை 2009இல் முடிவு செய்தது. மலேசியாவோ அதனை ஏற்று நடத்துகின்றது. பண்டத்தின் உரிமை மெய்யாகவே மாறுகின்றதாதலின் அது வாணிகமே என்பர் ஏற்போர். பண்டம் எவர்க்கும் வேண்டாததாய்ப் பெயரளவில் சுழல்கின்றது என்பர் மறுப்போர்.

ஆகவே, ஒரு முறை வட்டியா வாணிகமா எனத் தெளிவதற்குச் சொல்லை ஆராய்தல் மட்டும் போதாது. இழப்பு நேரும்பொழுது அதனை ஏற்பவர் யாவர் என வினவுதல் வேண்டும். வாரத்தை வட்டியினின்று பிரிப்பது அவ்வினாவே.